தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

ஊரில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டு மாட்டிக் கொடுத்தவர் அவர். ஆனால் அவர் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. அதைக் கழற்றி எடுத்து, திருகாணித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கதவின் நிறத்திலேயே சாயமும் பூசிவிட்டார். விரலால் தடவிப் பார்த்தால்தான் அங்கே ஒன்று இருந்தது தெரியும். எதைச் செய்தாலும் அப்படித்தான் செய்வார் பூட்டுக்காரர். தெருவில் எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரர்தான். பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

விருந்தாளி வந்தால்தான் சங்கடம். உள்ளே போனவர் கதவைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டுவார். பூட்டுக்காரரின் மனைவி அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

“தாழ்ப்பாள் தேடுறீங்களா? இல்லீங்க. பாடிக்கிட்டே குளிங்க, யாரும் வரமாட்டோம். பாட்டு நின்னாத்தான் வருவோம்.”

சிரிப்புக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

தாழ்ப்பாள் போனது பூட்டுக்காரரின் தங்கைக்காக. சின்னி என்று கூப்பிடுவார்கள். இருவருக்கும் வயதில் நிறைய இடைவெளி. அவள் நடை பழகும்போது அவர் அப்பாவின் சாவிக் கடையில் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவள் அப்படியில்லை. புத்தகத்தை எடுத்தால் கீழே வைக்க மாட்டாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட முழுதாகப் படிப்பாள். “எங்க வீட்டுப் படிப்பு மொத்தத்தையும் அவளே எடுத்துக்கிட்டா. எனக்குக் கொஞ்சம்கூட மிச்சம் வைக்கல” என்று சாவி வெட்ட வருகிறவர்களிடம் பூட்டுக்காரர் சொல்லிக்கொள்வார். குறைபோலத்தான் சொல்வார். குரலில் குறை இருக்காது.

முதல் வலிப்பு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது வந்தது. அன்றைக்கு அப்பா அழுதார், அம்மா அழுதாள், பூட்டுக்காரரும் அழுதார். பிறகு வந்தபோதெல்லாம் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கோ கண்ணீருக்குப் பதிலாகக் கை வேலை செய்தது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைக்கும். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது தள்ளும். சட்டைப் பொத்தானைத் தளர்த்தும். பக்கத்தில் இருக்கும் நாற்காலியை நகர்த்தும். வாயில் எதையாவது திணிக்க ஓடிவருகிறவரைத் தடுக்கும். கண் கடிகாரத்தைப் பார்க்கும். மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோலத்தான். நடக்க முடியும், தரை தெரியாது.

இழுத்துப் போடும் பெரிய வலிப்பு எப்போதாவதுதான். சின்ன வகை ஒன்று உண்டு, அது அடிக்கடி வரும். பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிற்பாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. நாலு மூச்சு நேரத்தில் திரும்பி வந்து, “என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?” என்பாள். வீட்டில் அதற்கு ‘வெளியே போய்ட்டு வர்றது’ என்று பெயர்.

சின்னி படித்த படிப்புக்கு எத்தனையோ வேலைக்குப் போயிருக்கலாம். வேலையில் சேரும்வரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை வலிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறுநாள் எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள். கடைசியில் ஒரு கண்ணாடிக் கடையில் நிலைத்தாள். மூக்குக் கண்ணாடியின் வில்லையைச் சக்கரத்தில் ஓரம் தேய்த்து, சட்டத்தின் பள்ளத்தில் உட்காரவைத்து, அரிசியைவிடச் சின்னத் திருகாணியால் முடுக்குகிற வேலை. கை சுத்தம் அண்ணனிடமிருந்து வந்தது. அவள் பொருத்திய வில்லை ஆடாது, கீறாது. ஆனால் வெளியே போய்ட்டு வருகிற அந்த நாலு மூச்சுக்குள் சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். வில்லை ஓரம் உடையும். ஒருநாள் விரலும் போயிருக்கும், நூலிழையில் தப்பியது. முதலாளி நல்லவர். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளைச் சக்கரத்திலிருந்து எழுப்பி, சக்கரத்துக்கு முதுகைக் காட்டும்படி திருகாணி மேசையில் உட்காரவைத்தார். மேசைக்கு நேரே ஒரு நிலைக்கண்ணாடியும் மாட்டினார். வாடிக்கையாளர் முகம் பார்க்க என்றார். தன்னைக் கவனிக்கத்தான் என்று சின்னிக்குத் தெரியும்.

குளியலறை விஷயம் நடந்தது அதற்கும் முன்னால். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவள் சத்தம் இல்லை. பூட்டுக்காரர் தட்டினார், பதில் இல்லை. தகட்டுத் துண்டு ஒன்றை இடுக்கில் விட்டுத் தாழ்ப்பாளை நெம்பினார். அது அவருக்குக் கண்ணிமைக்கிற வேலை. தாழ்ப்பாள் திறந்துகொண்டது. கதவோ ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. தோளால் தள்ளித் தள்ளித்தான் உள்ளே போக முடிந்தது. அவள் நெற்றியில் அன்றைக்குப் போட்ட தையல் புருவத்துக்கு மேலே இன்னும் கோடாக இருக்கிறது. மறுநாள் காலையில் கடைக்குப் போவதற்கு முன்பே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்.

அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வந்தது. அவள் குளியலறையிலோ மாடியிலோ தனியாக இருந்தால், பூட்டுக்காரர் கூடத்திலிருந்து கேட்பார்.

“இருக்கியா?”

“இருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “இருக்கியா?” “இருக்கேன்.” அவர் கடையில் இருந்தால் அண்ணி கேட்பாள். வருஷக்கணக்கில் இது மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்டது. கேட்கிறவருக்குக் கேட்கிறோம் என்று தெரியாது, சொல்கிறவளுக்குச் சொல்கிறோம் என்று தெரியாது.

மாத்திரை ஒன்றாக இருந்தது, மூன்றானது. வலிப்பு முழுதாக நிற்கவில்லை, ஆனால் மற்றதெல்லாம் நின்றதுபோல இருந்தது. சின்னி முன்பெல்லாம் அண்ணியோடு மல்லுக்கு நிற்பாள், சத்தமாகச் சிரிப்பாள். இப்போது யார் எது சொன்னாலும் “ம்” என்றாள்.

“பஞ்சு மூட்டைக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்குண்ணா” என்றாள் ஒருநாள். “நீங்க பேசறது கேக்குது. எனக்குத்தான் பேசறீங்களான்னு தெரியல.”

பூட்டுக்காரர் அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். அறுவை சிகிச்சைக்கு ஏற்ற வகை இது இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது வேறொன்று சொன்னார். தலையில் கம்பி ஒட்டி மூளையின் அலையைத் திரையில் காட்டுவார்களாம். நல்ல அலை எழும்பும்போது மணி அடிக்குமாம். மணி அடிக்க அடிக்க, மூளை தானாகவே அந்த அலையைப் பழகிக்கொள்ளப் பார்க்குமாம்.

“மின்சாரம் வைப்பீங்களா?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“உள்ள எதுவும் போகாது. வர்றதைப் பாக்கறது மட்டும்தான். முகம் பாக்கற கண்ணாடி மாதிரின்னு வச்சுக்கங்க.”

“செஞ்சா நின்னுடுமா?”

“அப்படிச் சொல்ல மாட்டேன். சிலருக்குக் குறையுது, சிலருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. இவங்களுக்கு எப்படின்னு செஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஒண்ணு மட்டும், மாத்திரையை நிறுத்தவே கூடாது. இது மாத்திரையோட சேர்த்து, மாத்திரைக்குப் பதிலா இல்ல.”

சின்னிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வரும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இதைச் செஞ்சா தாழ்ப்பாள் போடுவீங்களா?”

பூட்டுக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. “எதுக்கு இப்ப தாழ்ப்பாள்?”

“கடையில கண்ணாடி வச்சுப் பாக்கறாங்க. வீட்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறீங்க. முழிச்சிருக்கற நேரத்துல என்னை யாரும் பாக்காத இடம்னு ஒண்ணுகூட இல்லண்ணா.”

மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் அவர் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார்.

“முதல்ல குறையட்டும்.”

“குறைஞ்சா போடுவீங்க?”

“குறைஞ்சா போடுறேன்.”

“பேச்சு மாறக் கூடாது.”

“பூட்டுக்காரன் பேச்சு. மாறாது.”

பயிற்சி அறை ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. படியேறும்போது பல் ராவும் சத்தம் கூடவே ஏறி வரும். அறைக்குள் சாய்வு நாற்காலி ஒன்று, திரை ஒன்று, ஓரத்தில் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் மேசை. மனநலப் படிப்பு படித்த பெண், சின்னியைவிட இளையவள். உச்சந்தலைக்குப் பக்கத்தில் முடியை விலக்கி, பசை வைத்துக் கம்பியை ஒட்டினாள். காதுமடல்களில் கவ்விகள் மாட்டினாள். திரையில் ஒரு ரயில் வண்டி, தண்டவாளம், தூரத்தில் மலை, அடியில் அலையைக் காட்டும் கோடு. நல்ல அலை வந்தால் மெல்லிசாக மணி அடிக்கும், ரயில் நகரும். கெட்ட அலை எழுந்தாலோ, உடம்பு அசைந்து கோடு கலங்கினாலோ நின்றுவிடும்.

“அக்கா, ரயிலை ஓட்டணும்னு முயற்சி பண்ணாதீங்க. முயற்சி பண்ணா ஓடாது. சும்மா பாருங்க, போதும்.”

பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த பூட்டுக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்தது. “முயற்சி பண்ணாம முன்னுக்கு வர்ற வழி ஒண்ணு இருக்குன்னு எங்கப்பாவுக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

“உங்களுக்கும்தான் சார். காலை ஆட்டாதீங்க, முக்காலி கிறீச்சுங்குது.”

முதல் நாளே ரயில் ஒரு வண்டித் தூரம் நகர்ந்தது. மணி அடித்தது. உடனே நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மணி. நகர்ந்தது, நின்றது. அன்றைக்கு முழுக்க அப்படித்தான். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். அந்த ரயில் மணிக்கு மணி நிற்கும் ரயிலாகவே இருந்தது. பயிற்சிப் பெண் திரையின் அடிக்கோட்டைக் காட்டினாள். மணி அடித்த மறுகணமே அது முள்வேலி மாதிரிக் கிளம்பியது.

“இது மூளை இல்ல, தாடைத் தசை. பல்லைக் கடிக்கிறீங்களா அக்கா?”

“தெரியல.”

“பல்லுக்குப் பல்லு ஒட்டாம லேசா விட்டு வைங்க. நாக்கைத் தளர விடுங்க. தாடை தொங்கட்டும்.”

சின்னி தாடையைத் தளரவிட்டாள். மணி அடித்தது. முள்வேலி கிளம்பியது. ரயில் நின்றது.

பூட்டுக்காரர் தன் பங்குக்கு எல்லாம் செய்தார். நாற்காலி தலையைத் தள்ளுகிறது என்று வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்தார். கீழே பல் ராவும் சத்தம் கேட்காத நேரமாகப் பார்த்து முறை வாங்கினார். கவ்வியின் சுருள்வில் தளர்ந்திருக்கிறதா என்று கேட்டார். அதெல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். அவர் அறையில் இருப்பதுதான் காரணமோ என்று ஒருநாள் வெளியே உட்காரவைத்தாள். அதனாலும் ரயில் ஓடவில்லை.

வீட்டில் அண்ணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “ரயில் எங்க வரைக்கும் வந்திருக்கு சின்னி? மலையைத் தாண்டிச்சா?”

“இன்னும் நிலையத்துலதான் நிக்குது அண்ணி.”

“உங்கண்ணன் உக்காந்த வண்டி என்னைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கு?”

சின்னி சிரிக்கவில்லை. பூட்டுக்காரரும் சிரிக்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி யாரும் பேசவில்லை. நினைப்பு மட்டும் மூன்று பேருக்கும் இருந்தது. குறையவில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது என்று பூட்டுக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதிகூட இருந்தது. அதை அவர் நின்று பார்க்கவில்லை.

அப்புறம் ஒருநாள் பயிற்சிப் பெண் தன் மேசையை விட்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிப்போய்த் திரைக்குப் பக்கத்தில் போட்டு, சின்னியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவே இல்லை. மணி அடித்தது. சின்னியின் உதடு அசைந்தது. அடுத்த மணி. மறுபடி அசைந்தது. சத்தம் இல்லை, காற்றுகூட இல்லை. உதடு மட்டும்.

“அக்கா, மணி அடிக்கறப்ப ஏதோ சொல்றீங்க.”

“இல்லையே.”

“சொல்றீங்க. இப்பப் பாருங்க, விரலை உதட்டு மேல வச்சுக்கங்க.”

மணி அடித்தது. சின்னி விரலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கேன்னு சொல்றேன்” என்றாள்.

“யார்கிட்ட?”

“அண்ணன்கிட்ட.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டாள் அந்தப் பெண். விஷயத்தைச் சொன்னாள். எந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் சின்னியின் தாடை பதில் சொல்லத் தயாராகிவிடுகிறது, மணி அடித்ததும் பதில் போய்விடுகிறது, பதில் போனதும் தசை முறுக்கிக்கொண்டு கோடு கலங்கிவிடுகிறது என்றாள். வீட்டில் அப்படி யார் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது என்று கேட்டாள்.

பூட்டுக்காரர் சொன்னார். சொல்லும்போது தனக்கு வருத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. வருத்தம் வரவில்லை. சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் இரைச்சல் இருக்குமே, அது மட்டும் இருந்தது.

“கூப்பிடறதை நிறுத்திப் பாக்கலாமா சார்?”

“நிறுத்திட்டு?”

“நிறுத்திட்டு, ஒண்ணும் இல்ல. நிறுத்தணும், அவ்வளவுதான்.”

“அவ உள்ள விழுந்து கிடந்தா?”

“அதுக்கு வேற வழி பாருங்க. ஈர இடத்துல வழுக்காத விரிப்பு, உக்காந்து குளிக்க ஒரு முக்காலி, தண்ணி ரொம்பச் சூடா வேணாம். குளிக்கப் போறப்ப வீட்ல ஒருத்தர் இருந்தாப் போதும். ஆனா பதில் வாங்கிக்கிட்டே இருக்காதீங்க.”

சாமான்களை அன்றைக்கே வாங்கிப் போட்டார். அது சுலபமான பகுதி. மறுநாள் சின்னி குளிக்கப் போனாள். பூட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாய் தானாகத் திறந்தது. மூடினார். எழுந்து வாசல் வரை போய் வந்தார். அண்ணி அவர் கையில் ஒரு பழைய பூட்டைக் கொடுத்து, “இதைப் பிரிச்சு மாட்டுங்க. மாட்டி முடிக்கறதுக்குள்ள அவ வந்துருவா” என்றாள்.

அவர் பிரித்தார். உள்ளே இருந்த ஊசிகளையும் சுருள்வில்களையும் தரையில் வரிசையாக வைத்தார். திரும்ப மாட்டும்போது ஒரு வில் விரலிடுக்கில் சிக்கித் தெறித்து எங்கேயோ போனது. இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து வில் தெறித்ததே இல்லை. அதைத் தேடித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது குளியலறைக் கதவு திறந்தது.

“அண்ணா, ஏன் கூப்பிடவே இல்ல?” என்றாள் சின்னி, தலையில் துண்டோடு. “எனக்கு உங்களை நெனச்சுப் பயம் வந்துருச்சு. இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றார் பூட்டுக்காரர், தரையிலிருந்தபடியே.

அண்ணி அடுக்களையில் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். சின்னியின் உதட்டோரமும் கொஞ்சம் கோணியது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. அவர் கூப்பிடாத நேரத்திலும் அவள் உள்ளிருந்து “இருக்கேன்” என்று சொல்வது கொஞ்ச நாள் கேட்டது. பிறகு அது குறைந்தது. பிறகு கேட்கவே இல்லை. ரயில் மெதுவாகக் கிளம்பியது. மணி அடித்தாலும் நிற்காமல் ஓடி, அடுத்த மணியையும் அடித்தது. ஒருநாள் மலைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. மலைக்குப் பின்னால் இன்னொரு மலைதான் இருந்தது. “அவ்வளவுதானா?” என்று கேட்டாள் சின்னி. “அவ்வளவுதான் அக்கா. மென்பொருள் எழுதினவருக்கு அதுக்கு மேல கற்பனை இல்ல” என்றாள் பயிற்சிப் பெண்.

வெளியே போய்ட்டு வருவது குறைந்திருப்பதை முதலில் கவனித்தவர் கண்ணாடிக் கடை முதலாளி. நிலைக்கண்ணாடியில் அவரைப்போல வேறு யார் பார்த்தார்கள்? “முன்ன மாதிரி இப்ப உன் கை நடுவுல நிக்கறதில்ல” என்றார். மாத்திரையை டாக்டர் குறைக்கவில்லை, பஞ்சு மூட்டையும் முழுதாக விலகவில்லை. ஆனால் மூட்டையில் எங்கேயோ ஒரு தையல் விட்டிருந்தது. அண்ணி சீண்டினால் சில நாள் பதிலுக்குச் சீண்டினாள்.

பூட்டுக்காரர் தாழ்ப்பாள் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்தார்.

அப்போதுதான் பெரியது வந்தது. பட்டப்பகலில், கடையில், வாடிக்கையாளர் ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. முதலாளி போன் செய்தார். பூட்டுக்காரர் போய்ச் சேரும்போது அது முடிந்து, அவள் பின்னறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாரோ சட்டையை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள், அவருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். சிந்திக் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அழலாம் என்றிருந்தால் அது நல்ல இடம், யாரும் பார்க்கவில்லை. பொறுக்கி முடித்து மூடியை மூடினார்.

ரெண்டு நாள் கழித்து, சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கும்போது சின்னி கேட்டாள்.

“தாழ்ப்பாள் எப்பண்ணா?”

“இப்பத்தானே வந்துச்சு சின்னி.”

“நின்னாப் போடுறேன்னா சொன்னீங்க? குறைஞ்சா போடுறேன்னு சொன்னீங்க. குறைஞ்சிருக்கு.”

“அது வந்து…”

“வரும்ணா. இனிமேயும் வரும். வராதுன்னு டாக்டரும் சொல்லல, நானும் சொல்லல. வந்துக்கிட்டு இருக்கற வரைக்கும் நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே குளிக்கணுமா?”

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. “எனக்கும்தான் தாழ்ப்பாள் வேணும்” என்றாள். “கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து பாடிப் பாடித் தொண்டை போச்சு.”

“பகடி பண்ணாத. அன்னைக்குக் கதவைத் திறக்க முடியாம நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.”

“தாழ்ப்பாளை நீங்க உடனே திறந்துட்டீங்கண்ணா” என்றாள் சின்னி. “நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, தகட்டை விட்டேன், திறந்துக்கிச்சுன்னு. கதவுதான் நகரல. ஏன் நகரல?”

அவர் திரும்பிக் குளியலறைக் கதவைப் பார்த்தார்.

“நான் கதவுமேல விழுந்து கிடந்தேன். கதவு உள்பக்கம் திறக்கற கதவு. தாழ்ப்பாளே இல்லைன்னாலும் நகர்ந்திருக்காது. இப்ப விழுந்தாலும் நகராது.”

பூட்டுக்காரர் எழுந்து போய் குளியலறைக் கதவைத் தள்ளினார். அது உள்ளே போனது. இழுத்தார், வந்தது. மறுபடியும் தள்ளினார். கதவு என்றால் அவர் கண் பூட்டு இருக்கும் பக்கம்தான் போகும். வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம்தான் வேலை. கீல் இருக்கும் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. தச்சர் பார்க்கிற பக்கம் அது. இவ்வளவு வருஷமாக வீட்டில் எல்லாரும் “இருக்கியா, இருக்கேன்” என்று கத்திக்கொண்டிருந்தது, நகராத கதவுக்குத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு. அவருக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. கீலை விரலால் தொட்டுப் பார்த்தார். துரு ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. கதவைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்தார். நிலையில் கீல் இருந்த குழிகளை மரத்துண்டு வைத்து அடைத்து, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி புதுக் குழி வெட்டினார். கதவு வெளியே வரும்போது நடையில் இருந்த அலமாரியில் இடித்தது. அலமாரியை நகர்த்தினார். பழைய தாழ்ப்பாள் வேண்டாம் என்று கடையிலிருந்து வேறு வகை கொண்டுவந்திருந்தார். உள்ளே குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே ஒரு கீறல் மட்டும் இருக்கும், அவசரம் என்றால் காசை வைத்துத் திருப்பித் திறந்துவிடலாம். அதை மாட்ட அளவெடுத்தபோது விரலுக்கு அடியில் தான் அடைத்த பழைய துளைகள் தட்டுப்பட்டன. அவற்றுக்கு ஒரு விரல்கடை மேலே புதுத் துளை போட்டார்.

சின்னி குமிழைத் திருகிப் பார்த்தாள். டொக்கென்றது. திருப்பினாள். மறுபடி டொக்கென்றது.

“வெளியேருந்து திறக்கலாமா இதை?”

“திறக்கலாம். திறக்க மாட்டேன். தண்ணிச் சத்தம் ஒரு மாதிரியா இருந்தாத் தட்டுவேன். தட்டியும் பேசலைன்னாத்தான் திறப்பேன்.”

“காசு எங்க இருக்கும்?”

“அலமாரி மேல. எல்லாரும் பாக்கற இடத்துல.”

“சரி” என்றாள்.

துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. டொக்.

பூட்டுக்காரர் நடையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அலமாரி மேல் இருந்த காசை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறகு எழுந்து அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் விழுந்தது. நின்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. சோப்புப் போடுகிறாளாக இருக்கும். தலை துவட்டுகிறாளாக இருக்கும். வேறு எதுவாகவும் இருக்கலாம். அந்த வேறு எதுவையோ நினைப்பது அவருக்குப் பழக்கம்தான், நினைத்தார். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அசைந்தது வேறிடம். தாடை. பல்லோடு பல் இறுகியிருந்தது, உதடு அந்த ஒரு சொல்லுக்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

அந்தப் பெண் தங்கைக்குச் சொன்னதை நினைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் ஒட்டாமல் விட்டார். நாக்கைத் தளரவிட்டார். தாடை தொங்கியது. எதிரே சுவரைச் சும்மா பார்த்தார்.

உள்ளே சின்னி ஏதோ முணுமுணுத்தாள். பாட்டுப்போல இருந்தது, ராகம் ஒழுங்காக இல்லை. அவருக்காகப் பாடியது இல்லை அது. ஒரு வரியைப் பாதியில் விட்டாள், திரும்ப எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் போனது. டொக்கென்று குமிழ் திரும்பியது. கதவு வெளியே வந்து அவர் முழங்காலில் இடித்தது.

“நகருங்கண்ணா” என்றாள் சின்னி. “கதவு இப்ப இந்தப் பக்கம்தான் திறக்கும். வழியிலயா உக்காருவாங்க?”

அவர் முக்காலியை நகர்த்திப் போட்டார்.